கூப்பிட்டால் குரல் கொடுக்காத சொத்து

கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று உங்களை ஒருநாள் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். அன்றைக்குச் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மீனா, செந்தில், நீங்கள் இரண்டு பேரும் கணக்கு வேலையில் சேர்ந்துவிட்டீர்கள். உங்களோடு வேலை பார்க்கிற பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஜனக்புரி வீட்டுக்கு வந்து ஆபீஸ் கதை பேசுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் படிப்பு எனக்கு இல்லை. பாளையங்கோட்டையில் பி.யு.சி.யும் டைப்ரைட்டிங்கும் முடித்து டில்லிக்கு ரயிலேறியவன் நான். டைப்பிஸ்டாக நுழைந்து, கணக்குப் பிரிவில் உதவியாளராகி, அதிலேயே ரிட்டயர் ஆனவன். ஆகவே பாடப் புத்தகத்தில் இருப்பதை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அதிர்ச்சி தந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நான் நேரு பிளேஸில் ஒரு பேஜர் கம்பெனியில் இருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேஜர் தெரியாது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்கிற கருவி. உங்களிடம் ஒருவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கம்பெனிக்குப் போன் செய்வார். எங்கள் பெண்கள் அதைக் கேட்டு டைப் செய்து அனுப்புவார்கள். உங்கள் இடுப்பில் ‘பீப் பீப்’ என்று சத்தம் வரும். சின்னத் திரையில் ‘வீட்டுக்குப் போன் செய்யவும்’ என்று ஓடும். அவ்வளவுதான். பதில் அனுப்ப முடியாது. ஆனாலும் தொண்ணூறுகளில் அது இடுப்பில் இருந்தால் ஆளுக்கு ஒரு மிடுக்கு.

எங்கள் நிதி அதிகாரி பத்ரா சாப். பஞ்சாபிக்காரர், கைராசிக்காரர் என்று பெயர். முந்தின வருஷம் அவர் ஒரு காரியம் செய்தார். மூடிவிட்டுப் போகிற இன்னொரு பேஜர் கம்பெனியிடமிருந்து அவர்களுடைய வாடிக்கையாளர்களை மொத்தமாக விலைக்கு வாங்கினார். ஆட்களை வாங்க முடியுமா என்று கேட்காதீர்கள். பெயர், விலாசம், பேஜர் நம்பர் எல்லாம் அடங்கிய பட்டியலை வாங்கினார். பெரிய தொகை. அதைத்தான் நீங்கள் படிப்பில் தொட்டுணர முடியாத சொத்து என்கிறீர்கள்.

அதை எப்படிக் கணக்கில் எழுதுவது? வாங்கிய விலை முழுவதையும் ஒரே வருஷத்துச் செலவாக எழுதினால் கம்பெனி நஷ்டம் காட்டும். அந்தச் சொத்து எத்தனை வருஷம் பலன் தருமோ அத்தனை வருஷத்துக்குப் பங்கு போட்டு எழுத வேண்டும். இயந்திரத்துக்குத் தேய்மானம் மாதிரி. நாங்கள் பத்து வருஷம் என்று வைத்து, வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எழுதினோம். மீதி எல்லாம் சொத்தாகப் பேலன்ஸ் ஷீட்டில் பளபளவென்று நின்றது. அதைக் காட்டித்தான் பேங்கில் கடன்.

அடுத்த வருஷ ஆடிட்டுக்கு வந்தவள் பத்மா. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். குடும்பம் ஈரோட்டுப் பக்கம். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. பிறந்து வளர்ந்தது மோதி பாக் குவார்ட்டர்ஸில். அப்பா அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி அந்த வீடு ஓடுவது அவள் சம்பாத்தியத்தில். அவள் வேலை பார்த்த ஆடிட் ஆபீஸில் புதிதாகப் பார்ட்னராகச் சேர்த்திருந்தார்கள். எங்கள் கம்பெனிதான் அவள் தன் பெயரில் கையெழுத்துப் போடப்போகிற முதல் பெரிய கணக்கு.

மே மாதம். வெளியே அனல் காற்று. கூலர் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு அவள் பென்சிலால் ஒரு வரியைத் தட்டினாள்.

“ஏனுங்கண்ணா, இந்தப் பத்து வருசம் எங்கிருந்து வந்துச்சுங்க?”

“போன வருஷக் கணக்குல இருந்து வந்துச்சு மேடம்.”

“போன வருசத்துக்கு?”

நான் யோசித்தேன். பட்டியலுக்கு மேல் வரியில் அரசாங்க லைசென்ஸ் இருந்தது. லைசென்ஸ் பத்து வருஷத்துக்குத்தான் கொடுத்தார்கள், சரி. அதற்குக் கீழே வாடிக்கையாளர் பட்டியல். ஆயுள் என்ற இடத்தில் ‘மேற்படி’ என்று போட்டிருந்தது. போட்டது யாரென்று யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் நாங்களும் அதைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டோம். இது எங்கள் ஆபீஸில் மட்டும் நடந்ததில்லை. போன வருஷத் தாளை எடுத்து வைத்து இந்த வருஷத் தாளைத் தயார் செய்வது டில்லியில் எல்லா ஆபீஸிலும் வழக்கம். நீங்களும் செய்வீர்கள்.

“அச்சா,” என்றாள். “ஜெனரேட்டரைக் காட்டுனீங்க, ஏசியைக் காட்டுனீங்க. இதையும் காட்டுங்கண்ணா.”

“பட்டியலா? கம்ப்யூட்டர்ல இருக்கு. பிரின்ட் எடுத்துத் தரட்டுமா?”

“பட்டியலில்லீங்க. அதுல இருக்கற ஆளுங்களை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டில்லி பூராவும் சுத்தணுமே மேடம், இந்த வெயில்ல.”

“எதுக்குங்கண்ணா சுத்தோணும்? பேஜர் கம்பெனில உக்காந்துட்டு இருக்கறோம். ஒரு மெசேஜ் போட்டாப் போதாதுங்களா?”

பத்ரா சாப் அறைக்குப் போய்க் கேட்டோம். அவர் ஹிந்தியில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். “அனுப்பு பேட்டா, தாராளமா அனுப்பு! என் வாடிக்கையாளர் எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா லைன் தாங்குமான்னு மட்டும் பார்த்துக்கோ” என்று சிரித்தார். அவர் பயப்படவே இல்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். அவர் எங்களை ஏமாற்றவில்லை. அவரே நம்பியிருந்தார்.

மெசேஜ் அறையில் பெண்கள் காதில் ஹெட்போன் மாட்டி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மேற்பார்வை ஹர்ப்ரீத் என்ற அம்மாள். வாங்கிய பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில், ‘உங்கள் பேஜர் சேவை பற்றிப் பேச இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று அனுப்பினார்கள். அதற்கென்று தனியாக ஒரு எண், அதற்கு நான்கு பெண்கள். அழைப்புகள் குவிந்தால் சமாளிக்க இன்னும் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள்.

நாங்கள் காத்திருந்தோம்.

ஒரு போன்கூட வரவில்லை. ஹர்ப்ரீத் ரிசீவரைத் தூக்கி டயல் டோன் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. திரும்ப வைத்தாள். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி அவளை முறைத்தாள்.

முதல் அழைப்பு வந்தபோது எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். கரோல் பாகில் ஒரு துணிக்கடைக்காரர். “பையா, கல்லாப் பெட்டிக்குள்ள ஏதோ கத்துது. இதை எப்படி நிறுத்தறது?” அவ்வளவுதான் அவர் கேட்டது. அடுத்து ஒரு டாக்டர். அவர் நிஜமாகவே பேஜரைப் பயன்படுத்துகிறவர். ஆபரேஷன் இருக்கிறது, விளம்பரத்துக்கெல்லாம் கூப்பிடாதீர்கள் என்று திட்டிவிட்டு வைத்தார். திட்டினாலும் பரவாயில்லை, ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது அழைப்பைப் பத்மாவே எடுத்தாள். பக்கத்து ஹெட்போனில் நானும் கேட்டேன். ஒரு பெண்ணின் குரல்.

“நீங்க யாரு? எதுக்கு இவருக்கு மெசேஜ் அனுப்புறீங்க? இவர் போய் இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அலமாரிக்குள்ள இருந்து திடீர்னு கத்துது. குழந்தை பயந்து அழுது.”

பத்மா மெதுவாக மன்னிப்புக் கேட்டாள், பெயரைக் கேட்டாள். இனி எந்த மெசேஜும் வராது என்று சொல்லி, ஹர்ப்ரீத்திடம் அங்கேயே அந்த நம்பரைப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“அண்ணா,” என்றாள், “நம்ம கணக்குல இவரு இன்னும் ஒம்பது வருசம் இருக்காருங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருஷமாக நான் இந்த எண்களை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்! ஒரு வரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, அலமாரி இருக்கிறது, அழுகிற குழந்தை இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மத்தியானம்வரை வந்த அழைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணமும் மெல்லப் புரிந்தது. அந்தப் பழைய கம்பெனி மூடுவதற்குமுன் இவர்களிடம் மூன்று வருஷ வாடகையைச் சலுகை விலையில் மொத்தமாக வாங்கிவிட்டிருந்தது. ஆகவே யாரும் பணம் கட்டாமல் நின்றதாகத் தெரியவில்லை. பட்டியலில் எல்லோரும் இருந்தார்கள். உண்மையில் பாதிப்பேர் மொபைல் வாங்கிவிட்டார்கள். மீதிப்பேர் பேட்டரி மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களிடமிருந்து எங்களுக்கு இனி வரவேண்டிய காசும் இல்லை, அவர்கள் திரும்பி வரப்போவதும் இல்லை.

என் மேஜையிலிருந்து அவள் தன் சீனியர் பார்ட்னருக்குப் போன் செய்தாள். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னம்மா சொல்லுதாரு?”

“வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங். கையெழுத்துப் போட்டுட்டு வா, இல்லீன்னா இந்த ஆபீசுக்கே வர வேண்டாம்னுட்டாருங்க.” சிரிக்கப் பார்த்தாள். “அப்பா இன்னைக்கு வீட்டு ஓனருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போயிருக்காருங்கண்ணா.”

நான் டீ சொன்னேன்.

மூன்று மணிக்குப் பத்ரா சாப் அறையில் உட்கார்ந்தோம். நடந்ததைக் கேட்டவர் நம்பவே இல்லை. “டிரான்ஸ்மிட்டர் கோளாறா இருக்கும்” என்றார். எஞ்சினீயர் வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்தான். “இரு, இப்பவே பார்த்துடலாம்” என்று இன்டர்காமில் ஹர்ப்ரீத்தை அழைத்தார். “என் பேஜருக்கு ஒரு மெசேஜ் போடு.”

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சத்தமே இல்லை.

“பார்த்தியா! லைன்தான் கெட்டிருக்கு!” என்று மேஜையைத் தட்டினார். வெற்றிபெற்ற முகம். அதே வேகத்தில் இடுப்பில் கை வைத்தார். அங்கே மொபைல் போன்தான் இருந்தது. ஒரு டிராயரை இழுத்தார், இன்னொன்றை இழுத்தார். விசிட்டிங் கார்டுகளுக்கு அடியில் பேஜர் கிடந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்க மூடி திறந்திருந்தது. பேட்டரி இல்லை.

“டி.வி. ரிமோட்டுக்கு...” என்று மெதுவாகச் சொன்னார். “கிரிக்கெட் மேட்ச் அன்னைக்கு... நான்தான் எடுத்தேன்.”

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கோ வீட்டு ஞாபகம் வந்தது. கம்பெனி எனக்குக் கொடுத்த பேஜரை வைத்துத்தான் நீங்கள் இரண்டு பேரும் டாக்டர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தீர்கள். செந்தில் அதைத்தான் மீனாவின் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் பார்ப்பான். பேஜர் கம்பெனிக்காரர்களே பேஜரைக் கைவிட்டுவிட்டோம். ஆனால் ஊரார் இன்னும் ஒன்பது வருஷம் வைத்திருப்பார்கள் என்று கணக்கு எழுதியிருக்கிறோம்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. பத்ரா சாப் சுதாரித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“சரி பேட்டா. பத்து வேண்டாம். ஏழு போடு.”

பத்மா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஆறு?”

“சார்...”

“அரே, அஞ்சு! உன் சீனியர்கிட்ட நான் பேசிக்கறேன். அஞ்சு வருஷம்னா உனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.”

சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டருக்கு விலை பேசுகிற மாதிரி அந்த மனிதர் ஆயுளுக்குப் பேரம் பேசினார். அதைவிட, நானும் மனசுக்குள் ‘அஞ்சுக்கு ஒத்துக்கோம்மா, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, ஒத்துக்கோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து நியாயமான எண்ணாகவே எனக்குத் தெரிந்தது. பத்திலிருந்து இறங்கி வந்தால் எதுவுமே நியாயமாகத் தெரியும். பிள்ளைகளே, பேரத்தில் இருக்கிற கண்ணி அதுதான்.

அவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சார், நீங்க பத்து வருஷமே வெச்சுக்குங்க.”

பத்ரா சாப் புருவத்தைத் தூக்கினார்.

“இது உங்க கணக்கு. எத்தனை வருஷம்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க. அதுல பேரம் பேச எனக்கு உரிமை இல்ல. நான் இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. அவர் முகம் மலர்ந்தேவிட்டது.

“ஆனா கையெழுத்துக்கு மேல நாலு வரி எழுதுவேன்” என்றாள். “அது என் உரிமை.” ஒரு தாளை எடுத்து அங்கேயே எழுதி வாசித்தாள். கம்பெனி இந்த வாடிக்கையாளர்களின் பயன் பத்து வருஷம் என்கிறது. எங்கள் முன்னிலையில் அவர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பியதில் மிகச் சிலரே பதில் அளித்தார்கள். இந்தச் சொத்தின் மதிப்பை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை. இது முழுவதையும் இந்த வருஷச் செலவாக எழுதித் தள்ளியிருந்தால் லாபத்துக்குப் பதில் நஷ்டம் வந்திருக்கும். இவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, ஒரு குற்றச்சாட்டு இல்லை.

பத்ரா சாப் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆடிட்டர் அறிக்கையில் இப்படி ஒரு பத்தி இருந்தால் பேங்க்காரன் முதலில் அதைத்தான் படிப்பான். நஷ்டத்தைக்கூட ஒரு பேங்க் மன்னிக்கும். நம்ப முடியவில்லை என்று எழுதியதை மன்னிக்காது.

“உன் வேலை போயிடும், தெரியுமா?” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார்.

“தெரியும் சார்.”

கூலர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அந்தச் செத்த பேஜரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “முருகேசன், முழுசையும் இந்த வருஷமே எழுதித் தள்ளிடு. புதுசா பேலன்ஸ் ஷீட் டைப் பண்ணு.”

நான் டைப் செய்தேன். கம்பெனி நஷ்டம் காட்டியது. அந்த நாலு வரிக்குத் தேவையில்லாமல் போனது. பத்மா சுத்தமான அறிக்கையில் தன் பெயரைப் போட்டுவிட்டு, மோதி பாக் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

அவளை யாரும் பாராட்டவில்லை. அந்த வருஷக் கடைசியில் எங்கள் கம்பெனி ஆடிட்டரை மாற்றியது. அவளுடைய சீனியர் அவளை வெளியே அனுப்பிவிட்டார். பேங்க் கடனைக் குறைத்தது. மொபைல் மலிந்துகொண்டே போனது. கொஞ்ச காலத்தில் கம்பெனியை மூடினார்கள். அதைக் கலைத்துக் கணக்கு முடிக்கிற வேலையும் எனக்கே வந்தது. இன்னொரு இடம் கிடைத்ததும் நானும் போய்விட்டேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, நம் பக்கத்து ஹவுசிங் சொசைட்டிக்கு ஆடிட் செய்ய வந்திருந்தாள். சொந்தமாகச் சின்னதாக ஆபீஸ் போட்டிருக்கிறாள் என்றார்கள். வாட்டர் பம்ப் பக்கத்தில் குனிந்து நின்று அதன் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணா! நல்லா இருக்கீங்களா?”

எனக்கு அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. மூச்சுவிடாமல் சொன்னேன். “நீங்க சொன்னதுதாம்மா சரி. கம்பெனி மூடியாச்சு. அந்தப் பட்டியல்ல இருந்து ஒரு ஆள்கூடத் தேறல. எல்லாத்தையும் வித்துக் கணக்கை நான்தான் முடிச்சேன்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஜெயித்தவள் அல்லவா. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்த ரூம்ல இருந்த பொண்ணுங்க என்ன ஆனாங்கண்ணா? ஹர்ப்ரீத் அக்கா?”

வாயைத் திறந்தேன். ஹெட்போன்கள் என்ன விலைக்குப் போயின என்று எனக்குத் தெரியும். நாற்காலிகள், ஏசி, ஜெனரேட்டர், எதை யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்று அந்த இடத்திலேயே தாளில்லாமல் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கடைசி நாள் அவர்கள் எந்தப் பக்கமாகப் படியிறங்கிப் போனார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

அவள் கேட்டுவிட்டுப் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.